கேட்டுக்கொண்டு வாறன், பிள்ளை

எங்கள் வீட்டு நடு அறைக் கதவில், கீழிருந்து இடுப்பளவு உயரம் வரைக்கும் பச்சைப் பூச்சுத் தேய்ந்து மரம் தெரிகிறது. என் முதுகு தேய்த்த இடம் அது. போன மாதம் வீட்டுக்குப் பூச்சு அடிக்க வந்தவர், அந்தக் கதவையும் உரஞ்சி அடித்துவிடவா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே கிடக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். ஆட்களுக்கு விளக்கம் சொல்வதென்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சிரித்துவிட்டு, வெங்காயம் நட்டிருந்த தறைக்குப் போய்விட்டேன். அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழைகள் இருக்கும். ஆனாலும் எங்கள் பகுதிக்கு மருத்துவமாதுவாக இருந்த மிஸ்ஸியைப் பற்றி ஒருவராவது எழுத வேண்டும்.

மனைவி காலமானபோது மகள் சின்னப்பிள்ளை. பக்கத்து வளவில் இருந்த என் அக்காதான் அவளுக்குத் தலை இழுத்துப் பின்னி, சோறு கொடுத்து வளர்த்தார். மகள் பெரியபிள்ளையானதும் எல்லாப் பொறுப்பையும் அக்காவே எடுத்துக்கொண்டார். அவளை நடு அறையில் இருத்திக் கதவைச் சாத்தினார். சடங்கு செய்து தண்ணீர் வார்க்கும் நாள்வரை தகப்பன் முகத்தில் முழிக்கக் கூடாது என்றார். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் வேளைக்கு வேளை உள்ளே போயின. ஊருக்கெல்லாம் அழைப்பு அட்டை அடிக்கக் கொடுத்தோம். மண்டபம், வீடியோ, பல்லக்கு என்று எல்லாம் பேசி முடித்தோம். பிள்ளையின் உடம்பில் நடந்ததை ஊர் முழுக்க அறிவித்த நாங்கள், அவளுக்கு மட்டும் அது என்னவென்று ஒரு சொல் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவள் சாப்பாட்டை நிறுத்தினாள். சோற்றுக் கோப்பைகள் போனபடியே திரும்பி வந்தன. முட்டை பிடிக்கவில்லையாக்கும் என்று அக்கா குழம்பு வைத்துக் கொடுத்தார். அதுவும் திரும்பியது. அன்று பின்னேரம் அக்கா கடைக்குப் போன நேரம், நான் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு அறையைக் கடந்து போனேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்பா, நிக்கிறியளோ?"

"ஓம் பிள்ளை."

"பெடியனோடை சைக்கிளிலை போனால் வயித்திலை பிள்ளை வருமோ?"

எனக்குக் காது சுட்டது. அதற்கு முந்திய கிழமை அவளுடைய சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டதால், முன்வீட்டுப் பெடியன் அவளைக் கரியரில் ஏற்றி ரியூசனுக்குக் கொண்டுபோய் விட்டிருந்தான். இரண்டு நாள் கழித்து அவள் பெரியபிள்ளையானாள். இனிப் பெடியன்களோடு தொட்டுக் கதைத்தால் வயிற்றில் பிள்ளை வந்துவிடும் என்று அக்கா அவளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார். பிள்ளை இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு, தன் வாழ்க்கை முடிந்தது என்று சாப்பிடாமல் கிடந்தாள். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கதவுக்கு இப்பால் கேட்டது. இல்லை என்று ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம். அப்படியென்றால் எப்படி வரும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு என்னிடம் வார்த்தை இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த சொற்களெல்லாம் மதகடியில் பெடியன்கள் சொல்லிச் சிரிக்கும் சொற்கள். அவற்றைக்கொண்டு என் பிள்ளையோடு கதைக்க முடியாது.

"கேட்டுக்கொண்டு வாறன், பிள்ளை," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

அன்று சனசமூக நிலையத்தில் மிஸ்ஸியின் தாய் சேய் கிளினிக். உள்ளே முழுக்கத் தாய்மார். கூரைவளையில் கட்டிய தராசில் ஒரு குழந்தை தொங்கிக்கொண்டு கத்தியது. முழங்கால்வரை செம்மண்ணோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்து ஒருத்தி, "அண்ணை, உங்களுக்கும் நிறை பாக்கவோ?" என்றாள். "தராசு அறுந்துபோம்," என்றாள் மற்றவள். எல்லோரும் சிரித்தார்கள். வேறு நாளென்றால் திரும்பி ஓடியிருப்பேன். அன்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மிஸ்ஸி தராசிலிருந்து குழந்தையை இறக்கித் தாயிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதிலை கதைக்கிற விசயமோ, அங்காலை வரவோ?" என்று கேட்டார். என் முகத்திலேயே பதிலைக் கண்டுகொண்டு, வேப்பமரத்தடிக்கு முன்னால் நடந்தார்.

செருப்பைப் பார்த்தபடி மகளின் கேள்வியை அப்படியே சொன்னேன். மிஸ்ஸி சிரிக்கவில்லை.

"நல்ல கேள்வி. ஆர் அப்பிடிச் சொன்னது பிள்ளைக்கு?"

"அக்கா."

"அக்காவை ஏசாதேங்கோ. அவவுக்கும் ஒருத்தரும் சொல்லித் தரேல்லை."

நீங்களே வந்து சொல்லுங்கோ மிஸ்ஸி, நான் ஆம்பிளை என்றேன். அவர் தலையாட்டினார். "நாளைக்குக் கட்டாயம் வாறன். ஆனால் அதுவரைக்கும் பிள்ளை பட்டினி கிடக்கிறதோ? அவள் உங்களைத்தானே கேட்டவள். முதல் மறுமொழி உங்கடை வாயாலைதான் போகோணும்." பிறகு சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "கேட்ட பிள்ளைக்குச் சிரிப்பைக் குடுக்கக்கூடாது, அடியைக் குடுக்கக்கூடாது. மறுமொழியைத்தான் குடுக்கோணும்."

வேப்பங்குச்சியால் மண்ணில் கீறிக் கருப்பையைக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஊர் சிரிக்காத சொல் ஒன்று அவரிடம் இருந்தது. கடைசியில், "இப்ப எனக்குச் சொல்லிக் காட்டுங்கோ," என்றார். ஒரு பொம்பிளையின் முன்னால் நின்று அதைச் சொல்வதைவிடக் கிணறு வெட்டுவது சுகம். திக்கித் திக்கிச் சொன்னேன். "இன்னொருக்கா," என்றார். கிளினிக்கில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. அடுத்த முறை எனக்குத் திக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அக்கா குசினியில் நின்றார். நடு அறைக் கதவடியில் சாக்கை விரித்து, முதுகைக் கதவில் சாய்த்து இருந்தேன். அந்தக் கதவு சாத்தியிருந்தது எனக்கு நல்லதாய்ப் போயிற்று. முகத்தைப் பார்த்திருந்தால் எனக்கு வாய் வந்திருக்காது.

"பிள்ளை, கேட்டுக்கொண்டு வந்திட்டன். சைக்கிளிலை போனால் பிள்ளை வராது. கை பட்டாலும் வராது."

அதற்குள் அக்கா வந்துவிட்டார். "தேப்பன் பேசுற கதையோ உது? வெக்கங்கெட்டவனே, அயலட்டை சிரிக்கப் போகுது!"

அக்காவுக்கு நான் அதுவரை எதிர்த்துச் சொன்னதில்லை. "சிரிக்கட்டும் அக்கா. பிள்ளை சாப்பிடட்டும்," என்றேன்.

மிச்சத்தையும் சொன்னேன். மாதாமாதம் வருவது நோயோ அழுக்கோ அல்ல, கருப்பை தன்னை ஆயத்தம் பண்ணி, தேவையில்லாதபோது கழித்துவிடுகிறது என்று. வளர்ந்த ஆணும் பெண்ணும் உடம்பால் சேர்ந்தால்தான் பிள்ளை உண்டாகும், அது பெரிய ஆட்கள் இரண்டு பேரும் விரும்பி எடுக்க வேண்டிய முடிவு என்று. அவளுடைய உடம்பு அவளுடையது, விருப்பமில்லாமல் யாராவது தொட்டால் பிழை அவளுடையது அல்ல, என்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று.

"அப்ப நானும் அப்பிடித்தான் வந்தனானோ?"

"ஓம் பிள்ளை."

கொஞ்சம் பொறுத்து, "பசிக்குது, அப்பா," என்றாள். கோப்பையில் சோறு போட்டுக் கொண்டுபோனது அக்காதான்.

சொன்னபடி மிஸ்ஸி மறுநாள் ஸ்கூட்டியில் வந்தார். அறைக்குள் மகளோடு கதைத்துவிட்டு வெளியே வந்தவரிடம் அக்கா தேத்தண்ணியை நீட்டினார். பிறகு, "மிஸ்ஸி, எனக்கும் ஒண்டு கேக்கக் கிடக்கு," என்று குரலைத் தாழ்த்தினார். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தறைக்குப் போய்விட்டேன். அக்கா கேட்டது என்னவென்று எனக்குத் தெரியாது. இத்தனை வயதுக்குப் பிறகு அவரும் ஒருவரைக் கேட்டார் என்பது போதும்.

தண்ணீர் வார்வை முடிந்தது, மண்டபமும் பல்லக்கும் முடிந்தன. கதவடி மட்டும் எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கேட்க ஏதும் இருந்தால் மகள் தானாகவே உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள். நான் வெளியே முதுகு சாய்த்து இருப்பேன். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாவிட்டால் சைக்கிளை எடுப்பேன். சனசமூக நிலையத்துத் தாய்மார் என்னைப் பார்த்துச் சிரிப்பதை எப்போது விட்டார்கள் என்று நினைவில்லை.

மிஸ்ஸி போன மாரியில் காலமானார். மகள் இப்போது படிப்புக்காகக் கொழும்பில் விடுதியில் இருக்கிறாள். நேற்றுப் பொழுதுபட ரெலிபோன் எடுத்தாள். சாப்பாடு, மழை, வெங்காய விலை எல்லாம் கதைத்தாள். பிறகு மூச்சு மட்டும் கேட்டது. கதவுக்கு அப்பாலிருந்து கேட்டுப் பழகிய மூச்சு அது.

"அப்பா, ஒருத்தரைப் பற்றி உங்களிட்டை ஒண்டு கேக்கோணும். வெக்கமாக் கிடக்கு."

"கொஞ்சம் நில் பிள்ளை," என்றேன். நடு அறைக் கதவடிக்குப் போனேன். உள்ளே ஒருவரும் இல்லை. என்றாலும் கதவைச் சாத்தி, பூச்சுப் போன இடத்தில் முதுகைச் சாய்த்து இருந்தேன். சைக்கிளை எடுத்தாலும் போய்க் கேட்பதற்கு இனி மிஸ்ஸி இல்லை. ஆனாலும் கிளினிக் இருக்கிறது, அங்கே புது மிஸ்ஸி ஒருவர் இருக்கிறார், வாசல் எனக்குத் தெரியும்.

"இப்ப கேள்," என்றேன். "தெரிஞ்சாச் சொல்லுறன். தெரியாட்டிக் கேட்டுக்கொண்டு வாறன்."