மேடையில் என் வீட்டுக்காரர்

துபாய்க்குப் புதிதாக வந்தவர்கள் கோடையில் குளிக்கப் போய் ஒரு தடவையாவது அலறுவார்கள். பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கொதிக்கக் கொதிக்க வரும். மொட்டைமாடித் தொட்டி பகல் முழுக்க வெயிலில் கிடந்து வேகிறதல்லவா! அதனால் ஜூன் பிறந்ததும் கீசரை அணைத்துவிட்டு, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துதான் குளிப்போம். வீட்டுக்குள் இருக்கும் கீசரில் கிடக்கிற தண்ணீர் கொஞ்சமாவது ஆறியிருக்கும். இதைச் சொன்னால் ஊரில் என் நாத்தனார் நம்ப மாட்டாள். "போங்க மைனி, கதை விடாதீங்க" என்பாள். அவள் நம்பாத இன்னொன்றும் உண்டு. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நாட்டில் வேலை பார்த்தும் ஒரே வீட்டில் இருக்க முடியாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு ஏறாது.

நான் பர் துபாயில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். கராமாவில் ஒரு பழைய கட்டடத்தில் நானும் மகன் ஜெரினும் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு வேலை ருவைஸில். அபுதாபியையும் தாண்டிப் பாலைவனத்தில் கிடக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஊர் அது. காண்ட்ராக்ட் ஆள் என்பதால் அவருக்குக் கேம்ப்பில் ஒரு கட்டில், ஒரு அலமாரி. டியூட்டி இல்லாத வாரக் கடைசியில் பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்வார். வந்து, சாப்பிட்டு, தூங்கி, மறுபடி கிளம்புவார். பிளாண்டை நிறுத்திவிட்டு ரிப்பேர் பார்க்கும் ஷட்டவுன் காலத்தில் அதுவும் கிடையாது. ஜெரினுக்குப் பல் விழுந்ததும், அவன் சைக்கிள் பழகியதும், அவனுக்கு மீசை அரும்பியதும் அவருக்குப் போனில் போன சேதிகள்தான்.

அந்த மனுஷனுக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. குளச்சல் பக்கம் ஒரு வீடு கட்டினோம். மாடியில் மகனுக்கென்று ஒரு ரூம். "மூணு பேரும் ஒரு வருஷமாவது ஒரே வீட்டுல இருந்து சோறு திங்கணும் ஸ்டெல்லா" என்பார். அடுத்த வருஷம், ஷட்டவுன் முடியட்டும், இந்த காண்ட்ராக்ட் முடியட்டும் என்று அந்த ஒரு வருஷம் தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் ஜெரின் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புக்கு வந்துவிட்டான். கனடாவில் படிக்க இடமும் கிடைத்துவிட்டது. இனி எப்போது மூன்று பேரும் ஒன்றாக இருப்பது?

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டார்கள். பழைய அமெரிக்க நாடகமாம். ஒரு அப்பா, அம்மா, வளர்ந்த மகன். குடும்பத்தைப் பற்றி அப்பா கண்ட கனவு ஒன்று. மகனுக்கு வேண்டியது வேறொன்று. சாப்பாட்டு மேஜையைச் சுற்றியே சண்டை. அமெரிக்காக்காரனுக்கும் இந்தப் பாடுதானா என்று நினைத்துக்கொண்டேன். ஜெரினுக்கு அந்த அப்பா வேஷம்.

போனில் சொன்னதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் கடற்கரையில் கோயில் திருவிழா நாடகத்தில் தன் வீட்டுப் பிள்ளை நடித்தால், சொந்தக்காரர்கள் பாதிக் காட்சியில் மேடையேறிப் பொன்னாடை போடுவார்கள். ராஜா வாளைக் கீழே வைத்துவிட்டு ஆடையை வாங்கிக் கும்பிடுவார். ஆடை போட்டவர் பெயரை மைக்கில் சொல்லுவார்கள். பிறகு போர் தொடரும். இவர் டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்தவர், நேரே மீனா பஜாரில் இறங்கி ஜரிகைக் கரை போட்ட பொன்னாடை ஒன்றையும் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"இஞ்ச பாருங்க, இது நம்ம ஊர்த் திருநாள் இல்ல. நடுவுல ஏறினா செக்யூரிட்டி பிடிச்சு வெளிய விட்டுருவான்."

"எம் பிள்ளைக்கு நான் போடுறதுக்கு எவங்கிட்ட கேக்கணும்?"

மகனின் பள்ளிக்கூடத்துக்குள் அவர் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

திரை விலகியது. மேடையில் ஒரு வீடு. கதவைத் திறந்துகொண்டு தலையில் நரை பூசிய ஜெரின் வந்தான். இவர் பொன்னாடையைப் பையிலிருந்து உருவிக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். மேடையில் ஜெரின் கைப்பையைக் கதவோரமாகவே வைத்தான், உள்ளே கொண்டு போகவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். ஷூவைக் கழற்றிக் கவிழ்த்து, குதிகாலில் இரண்டு தட்டுத் தட்டினான். சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் திணித்தான். விளக்கைப் போட எழுந்து, சுவிட்ச் இல்லாத சுவரைத் தடவினான். பக்கத்திலேயே நிற்கும் மனைவியிடம், போனில் சிக்னல் இல்லாதவன் மாதிரி உரக்கக் கத்தினான். சாப்பிட்டாயா? பையன் மார்க் என்ன?

அரங்கமே சிரித்தது. அந்த அமெரிக்க அப்பாவின் ஷூவில் மணல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தெரியும். பாவி நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். மெதுவாக உட்கார்ந்து, தன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டிருந்தார். பொன்னாடை திரும்பப் பைக்குள் போய்விட்டது. நாடகம் முடிகிறவரை அவர் அசையவே இல்லை.

முடிந்ததும் நாடக டீச்சர் ஓடி வந்தாள். இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த பெண். இவர் கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்களும் நடிகரா, உங்கள் மகனுக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிகிறது என்று ஆங்கிலத்தில் படபடவென்று பொரிந்தாள். எங்கிருந்து என்பது மட்டும்தான் இவருக்குப் பிடிபட்டது.

"ருவைஸ், மேடம்."

"ஓ, லவ்லி டு மீட் யூ, மிஸ்டர் ருவைஸ்!"

"தேங்க்யூ மேடம்" என்றார் பாவம்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "என்னைய கேலி பண்ணுனியா மக்கா?"

ஜெரின் திடுக்கிட்டுப் போனான். "நோ அப்பா! கேலி எல்லாம் இல்ல. மிஸ்தான் சொன்னாங்க, வீட்ல உங்க அப்பாவ வாட்ச் பண்ணி அதே மாதிரி செய்ங்கன்னு. நீங்க வர்ற வீக்கெண்ட் எல்லாம் ஐ வாட்ச்ட் யூ. எனக்கு உங்களப் பத்தித் தெரிஞ்சது அவ்ளோதான்."

அதில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. கோபமாகச் சொல்லியிருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன். சாப்பிட்டாயா, மார்க் என்ன என்பதை மட்டுமே கேட்டு வளர்ந்தவனுக்கு அப்பாவைப் பற்றிச் சொல்ல வேறு என்ன இருந்திருக்கும்?

அதற்குப் பிறகு இவர் லீவுக்கு மன்றாடினார். ஷட்டவுன் நேரம், மாஃபி லீவ், லீவெல்லாம் கிடையாது என்று சூப்பர்வைசர் விரட்டிவிட்டான். கடைசியில், ஜெரின் கிளம்புவதற்கு முந்தின வாரம், ஒருவழியாகக் கிடைத்தது. வந்தார். அப்பாவும் மகனும் சோபாவின் இரண்டு முனைகளில், எங்கள் கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். இவர் வாயைத் திறப்பார். சாப்பிட்டியா என்றுதான் வரும். வந்ததும் உதட்டைக் கடித்துக்கொள்வார். ஜெரின் நல்ல பிள்ளை, கேட்ட ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டேன்ப்பா என்று பதில் சொன்னான். நான் அடுக்களையில் நின்று அழுதேன். வேறென்ன செய்ய?

ஏர்போர்ட்டில் காலை நேரக் கூட்டம். ஜெரின் கையில் கனடாவுக்கு டிக்கெட். இவர் அங்கிருந்து அப்படியே ருவைஸ் பஸ் பிடிக்க வேண்டும். எனக்கு மெட்ரோவில் கராமா. குளச்சலில் மாடி ரூமோடு வீடு பூட்டிக் கிடந்தது. ஜெரின் என்னைக் கட்டிக்கொண்டான், அவரையும் கட்டிக்கொண்டான். உள்ளே போகத் திரும்பியவனின் தோளில் இவர் கை வைத்தார். சாப்பிட்டியா என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"மக்கா, அந்த நாடகத்துல அந்த அப்பா கடைசில என்ன ஆவாரு? அந்த இங்கிலீசு எனக்குப் பிடிபடல."

ஜெரின் கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணும் ஆக மாட்டார்ப்பா. பையன் கோபிச்சுட்டுப் போயிருவான். அவரு அதே வீட்ல, வைஃப் கூட, தனியா இருப்பாரு. சேட் எண்டிங்."

"அதுவரைக்கும் எல்லாரும் ஒரே வீட்டுலயா இருந்தாவ?"

"ஆமாப்பா. சின்ன வயசுலேர்ந்து."

"தினமும் சண்ட போட்டுக்கிட்டு?"

"டெய்லி."

"குடுத்து வச்ச மனுசன்" என்றார் என் வீட்டுக்காரர்.