இரண்டரை மணி நேரத் தூரம்

இத்தாலியின் துரினிலிருந்து எங்கள் நாட்டு யாஷ் நகருக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரம். லொரெத்தா வாயால் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. லொரெத்தாவின் தாய் பியரினா அம்மாள் தனி வீட்டில் படுத்த படுக்கை. ராப்பகலாக அவரைப் பார்த்துக்கொண்டவள் என் ஊர்க்காரி அக்லாயா. ருமேனியாவிலிருந்து வந்து, இத்தாலிக்காரர்களின் தாய் தகப்பனுக்கு சூப் ஊட்டிப் பிழைக்கிறவர்கள் நாங்கள்.

யாஷில் இறங்கினால் ஊர் வந்துவிடுமா? அங்கிருந்து பேருந்தில் பாதி நாள் போகும். அப்புறம் யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் நடைதான். அதெல்லாம் லொரெத்தாவின் கணக்கில் வராது.

அக்லாயா வருடா வருடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஈஸ்டர் அன்று, மாமியாரிடம் வளரும் தன் மகள் இலிங்காவோடு இருக்க வேண்டும். இந்த வருடம் லொரெத்தாவுக்கு மனம் இளகியது. தானே டிக்கெட் எடுத்து, உறையில் ரிப்பன் கட்டிக் கொடுத்தார்.

அக்லாயா தேதியைப் பார்த்தாள். அது இத்தாலிக்காரர்களின் ஈஸ்டர். எங்கள் ஆர்த்தடாக்ஸ் சபைக்கு இந்த வருடம் ஈஸ்டர் ஐந்து வாரம் தள்ளி.

"சின்யோரா, எங்க ஈஸ்டர் இன்னும் வரலையே."

"ஈஸ்டர்னா ஈஸ்டர்தானே? உங்களுக்கு வேற ஏசுவா? இந்த டிக்கெட்டை மாத்த முடியாது. போயிட்டு வா. இதோ, ரெண்டரை மணி நேரம்!"

இத்தனை வருடம் அம்மா வீட்டில் வைத்திருந்தவளிடம், உன் பண்டிகை எப்போது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அக்லாயா போனாள். அவள் இடத்தில் நான் இருந்தேன்.

அங்கே வீட்டில் தவக்காலம், கறியும் முட்டையும் கிடையாது. மூன்று வேளையும் பீன்ஸ். இலிங்கா பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில். ஆசை அடங்காமல் அக்லாயா இரண்டு முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, ஒன்றை மகள் முன்னால் நீட்டி, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றாள். முட்டையோடு முட்டை மோதி, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று பதில் சொல்ல வேண்டிய குழந்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"அம்மா, அவர் இன்னும் சாகவே இல்லையே."

திரும்பி வந்தவள், எங்கள் ஈஸ்டருக்கு மறுபடி லீவு கேட்டாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

"இப்பத்தானேடி போயிட்டு வந்தே?" என்றார் லொரெத்தா.

அக்லாயா தலையைக் குனியவில்லை. "சின்யோரா, உங்க வீட்டுலேர்ந்து இங்க வர எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம். அதுக்கென்ன இப்போ?"

என் வாய் சும்மா இருக்குமா? "உங்க ஈஸ்டர் அன்னிக்கு நான்தான் இங்க இருந்தேன். நீங்க எட்டிக்கூடப் பாக்கலை. அந்தப் பத்து நிமிஷம் எங்க போச்சு?"

லொரெத்தாவின் முகம் சிவந்தது. "அப்போ அம்மாவை யார் பாத்துக்குவா? நீ வருவியா?"

"எனக்கும் அன்னிக்குத்தான் ஈஸ்டர். பெத்த பொண்ணு நீங்க இருக்கீங்களே!"

வேலை போனால் போகட்டும் என்று அக்லாயா, ஊருக்கு ஆளேற்றிப் போகும் வேனில் ஏறினாள். ஒன்றரை நாள், முழங்கால் மடக்கிய பயணம். ஆனாலும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஈஸ்டர் மதியம், மேசையில் ஆட்டுக்கறி, மடியில் இலிங்கா, அப்போது போன் அடித்தது.

"அக்லாயா, அம்மா தூங்கவே மாட்டேங்கறாங்க," லொரெத்தாவின் குரல் அழுதது. "எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கணும்?"

"கதவுப் பக்கம், சின்யோரா," என்றாளாம் அக்லாயா. "தினமும் நீங்க வர்றீங்களான்னு பாத்துக்கிட்டேதான் தூங்குவாங்க."