காலர் அக்காவின் உடைந்த ஊசி

காலர் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தையல் தொழிற்சாலையில் பதினோரு வருடமாகச் சட்டைக்குக் காலர் மட்டுமே தைக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பொத்தான் வைக்கிறவன் பொத்தான் தம்பி. பை தைக்கிறவள் பாக்கெட் அக்கா. சூப்பர்வைசர் அம்மாவுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை அவர் காதுபடச் சொல்லும் தைரியம் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு சட்டம். ஊசி உடைந்தால் மெஷினை அப்படியே நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, ஒரு அட்டையில் வரிசையாக ஒட்டி, முழு ஊசி ஆகிறதா என்று காட்ட வேண்டும். அப்புறம்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துணுக்கு குறைந்தாலும் சுற்றியிருக்கும் துணி அத்தனையும் ஊசியைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர் மெஷினுக்குப் போகும். துணிக்குள் ஊசி இருந்தால் மணி அடித்து, துணியை நகர்த்தும் பெல்ட் நின்றுவிடும். எந்த ஊரிலோ எந்தப் பிள்ளையோ போட்டுக்கொள்ளப் போகிற சட்டை அல்லவா! முகம் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்காகக் காலர் அக்கா எத்தனையோ முறை மேஜைக்கடியில் தவழ்ந்திருக்கிறாள். ஒரு நாளும் சட்டத்தை மீறியதில்லை.

வீட்டில் மட்டும் சட்டமாவது மண்ணாவது!

வீடு என்பது ஒரு அறை, ஒரு அடுப்பு மூலை, ஒரு மேஜை. மேஜையின் ஒரு பாதியில் அவளுடைய பழைய தையல் மெஷின், மறு பாதியில் சாப்பாடு. புருஷன் லாரி ஓட்டுகிறவன். வாரத்துக்கு ஒரு முறை தலையைக் காட்டினால் பெரிது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகனைக் கிளப்பி, அவனுக்கு மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து, ஏழரை மணிக்குள் கதவைப் பூட்டுவது அவள் ஒருத்தியின் பாடு.

அன்று காலை நாலு துண்டு பிரெட்டைப் பரப்பி ஜாம் தடவிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுப் பையின் வார் அறுந்தது. "இந்தப் பைய நான் தூக்கிட்டுப் போகமாட்டேன்" என்று மகன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான். பிடிவாதத்தில் அப்பனை உரித்து வைத்தவன். கெஞ்சிப் பயனில்லை என்று தெரிந்து, வாரை மடித்து மெஷினுக்குள் திணித்து மிதித்தாள். நாலு மடிப்பு. டக்கென்று ஊசி உடைந்தது. மேல் துண்டைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். மேஜையைக் கையால் ஒரு துடை துடைத்தாள். வேறு ஊசி மாட்டி வாரைத் தைத்து, ஜாம் பிரெட்டை இரண்டு இரண்டாக ஒட்டிக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்து, மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு தொழிற்சாலைக்கு ஓடிவந்து, தையல்காரர்கள் வரிசையாக உட்காரும் லைனில் உட்கார்ந்தாள்.

பத்து மணி ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது தொழிற்சாலையிலும் அவள் ஊசி உடைந்தது. எழுந்தாள், தேடினாள், மூன்று துண்டையும் எடுத்தாள். அட்டையில் மேல் துண்டை ஒட்டி, நடுத் துண்டை ஒட்டி, முனையை விரல் நுனியில் எடுத்தபோதுதான் அது தோன்றியது. காலையில் வீட்டில் உடைந்த ஊசியின் முனை எங்கே?

அப்போது வீட்டு மெஷினுக்கு ஒரு முழம் தள்ளித்தான் ஜாம் பிரெட் திறந்து கிடந்தது.

பள்ளியில் பத்தரைக்குச் சிறு இடைவேளை. மதியம் வரை பொறுக்கிற பிள்ளையா அவள் பிள்ளை? சூப்பர்வைசர் அம்மாவிடம் போய் நின்றாள்.

"மேடம், ஊசி முனை... வீட்டுல... பையன் சாப்பாட்டுல..."

கால் மணி நேரம் தாமதமானாலே குதிக்கிற அந்த அம்மா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வெளியே போகும் சீட்டை எழுதி அவள் கையில் திணித்தார்.

"ஓடு. நான் ஸ்கூலுக்கு போன் போட்டுட்டே இருக்கேன்."

போன் அடித்ததோ, யாராவது எடுத்தார்களோ, அவளுக்குத் தெரியாது. ஓடினாள். யார் யாரையோ இடித்தாள், ஒருவர் திட்டியதுகூடக் காதில் ஏறவில்லை. பள்ளி வாசலில் காவலாளி கையெழுத்து நோட்டை நீட்டுவதற்குள் உள்ளே நுழைந்துவிட்டாள். பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். மூன்றாவது படியில் அவள் மகன். கையில் பாதி பிரெட். கன்னம் உப்பியிருந்தது.

பாய்ந்து பிடுங்கினாள். இன்னொரு கையால் அவன் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவி, மென்றதையும் வெளியே எடுத்தாள். பையன் ஊரைக் கூட்டினான். மற்றப் பிள்ளைகள் அவரவர் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். வகுப்பு டீச்சர் ஓடிவந்தார்.

"என்னம்மா பண்றீங்க? குழந்தை பயந்து போச்சு பாருங்க!"

விஷயம் தெரிந்ததும் டீச்சரும் வெலவெலத்துப் போனார். இருவரும் குனிந்து கேட்டார்கள். "எங்கயாச்சும் குத்துச்சாடா?" "ஆமா." "குத்தலையா?" "ஆமா." "தொண்டை வலிக்குதா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு பிரெட்டு வேணும்" என்றான். ஆறு வயதுச் சாட்சியை நம்பி என்ன முடிவுக்கு வருவது?

மென்ற உருண்டையை விரலால் நசுக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பாதி பிரெட்டையும் பிய்த்துப் பார்க்கக் கை போனது. சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அந்த முனை ஒரு எள்ளளவு. மண்ணில் விழுந்தால் கிடைக்காது. பிறகு அது பிரெட்டில் இருந்ததா, பிள்ளை வயிற்றில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

"டீச்சர், எங்க கம்பெனியில மெஷின் இருக்கு. ஒரு நிமிஷத்துல சொல்லிடும். அதுல இல்லைன்னா அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடறேன்."

மகனை இடுப்பில் ஏற்றி, கடித்து மீந்த பாதியையும் தின்னாத ஜோடியையும் காகிதத்தில் பொத்திப் பிடித்துக்கொண்டு திரும்ப ஓடினாள். இடுப்பில் அவன் விக்கும்போதெல்லாம் அவள் உயிர் போய் உயிர் வந்தது. விக்கல்தானா, இல்லை முனை குத்துகிறதா?

வேலை செய்யும் இடத்துக்குள் பிள்ளைகளை விடுவதில்லை. அன்று யாரும் அதைப் பேசவில்லை. டிடெக்டர் மெஷின் பார்க்கும் பெண் பெல்ட்டைத் துடைத்து, இரும்புத் துணுக்கு பதித்த சோதனை அட்டையை ஒரு தரம் ஓட்டி, மணி அடிக்கிறதா என்று சரிபார்த்தாள்.

"ஏம்மா, இவனையே இதுல விட்டுப் பார்க்க முடியாதா?" என்றாள் காலர் அக்கா.

"அக்கா, பதறாதீங்க. முதல்ல பிரெட்டை வைங்க."

தின்னாத ஜோடி போனது. மறுபக்கம் சத்தமில்லாமல் வந்தது. பதினோரு வருடமாக அந்த மணிச் சத்தத்துக்கு அங்கே எல்லாரும் பயந்தே செத்திருக்கிறார்கள். மணி அடித்தால் அன்றைய வேலை அத்தனையும் பாழ். இன்று காலர் அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அடி, அடி, அடித்துத் தொலை என்று அந்த மெஷினைக் கும்பிடாத குறையாக வேண்டினாள்.

கடித்து மீந்த பாதி போனது. மணி அடித்தது. பெல்ட் நின்றது.

லைனில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். சூப்பர்வைசர் அம்மா சிறு இடுக்கியால் பிரெட்டைப் பிரித்தார். ஜாமுக்குள் மினுங்கியது முனை. மகனின் பல் பதிந்த ஓரத்துக்கும் அதற்கும் இடையில் அரை நகம்கூட இல்லை. அடுத்த கடியில் உள்ளே போயிருக்கும். காலர் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை.

சூப்பர்வைசர் அம்மா முனையை அட்டையில் ஒட்டினார். அவளைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டார்.

"மேல் துண்டு எங்கம்மா? ரெண்டா உடைஞ்சதா, மூணா?"

நடுத் துண்டு ஒன்று இருந்து, அதைப் பையன் விழுங்கியிருந்தால்? போன பயம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. அட்டையை வாங்கிக்கொண்டு, மகனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். குப்பைக்கூடையைச் செய்தித்தாளில் கவிழ்த்தாள். காய்த்தோல், நூல் சுருள், மகன் சீவிப் போட்ட பென்சில் தூள். ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். மேல் துண்டு கிடைத்தது. அட்டையில் முனைக்கு மேலே அதை வைத்துப் பார்த்தாள். மூன்று தரம் நழுவியது. நாலாவது தரம் இரண்டும் பொருந்தின. பக்கத்தில் ஒரு புது ஊசியை வைத்து அளந்தாள். அதே நீளம். மயிரிழை குறையவில்லை.

அதற்குப் பிறகுதான் அழுதாள், மூக்கைச் சிந்திக்கொண்டு, சத்தம் போட்டு. மகன் மேஜைக்குப் பக்கத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பசிக்குதும்மா."

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மெஷினைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள். மேஜையை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் துடைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். புது பிரெட் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு துண்டு பிரெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அவன் கையில் கொடுத்தாள்.

எதைக் கொடுத்தாலும் பறித்துத் தின்கிறவன் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். பிறகு எக்கி அவள் வாய்க்கு நேராக நீட்டினான்.

"நீ மொதல்ல கடி."

கடித்தாள். அவள் மென்று முடிக்கும்வரை காத்திருந்து, "வாயத் திற" என்றான்.