என் தம்பியின் கீழ்வரிசைப் பற்கள்

சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்கிறவர்கள் தட்டைக் காலி செய்துவிட்டு வாருங்கள். பிறகு என்னைத் திட்டக்கூடாது.

நானும் என் தம்பியும் ஒரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறோம். பின்னறையில் லென்ஸை அளவுக்குத் தேய்த்து ஃபிரேமில் உட்காரவைப்பது நான். முன்னால் நின்று அதை ஆட்களின் முகத்தில் மாட்டிவிடுவது அவன். காதுக்கம்பி ஒரு நூல் ஏறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். ரிப்பேருக்கு வரும் பழைய கண்ணாடிகளில் மூக்கு படும் இடத்தில் பச்சையாகச் சேர்ந்திருக்கும் அழுக்கை ஊசியால் நோண்டிக்கொண்டே, "சே, இதை எப்படித்தான் மூஞ்சில மாட்டிக்கிட்டுத் திரியறாங்களோ" என்பான். அதைச் சொல்ல அவன் வாயைத் திறக்கும்போது நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். தன் முதுகு தனக்குத் தெரியாது.

சின்ன வயதில் அவனுடைய கீழ்வரிசைப் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. தெருவில் எல்லோருக்கும் அவன் 'கோணல்'. அம்மாகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். வேலைக்குச் சேர்ந்ததும் முதல் காரியமாகப் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டான். பற்கள் வரிசைக்கு வந்த பிறகு, கிளிப் போட்ட டாக்டரே அதைக் கழற்றிவிட்டு, கீழ்ப்பற்களின் பின்பக்கம் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டி அனுப்பினார். கம்பிக்கு அடியில் நூல் விட்டுத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், அவ்வப்போது வந்து காட்ட வேண்டும் என்றார். கம்பி பிய்ந்தால் பற்கள் பழையபடி நகர்ந்துவிடும் என்றும் சொன்னார். என் தம்பி அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் காதில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அன்றிலிருந்து அந்தக் கம்பியைத் தொடக்கூடாது என்று ஆகிவிட்டது. ஈறில் ரத்தம் கசிந்தபோது, "பாத்தியா, பிரஷ் பட்டுத்தான் புண்ணாகுது" என்று சொல்லிப் பின்பக்கம் தேய்ப்பதையே நிறுத்தினான். முன்பக்கத்தை மட்டும் கண்ணாடி முன் நின்று பளபளவென்று தேய்ப்பான். ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும்.

அவனுடையதோ முகத்துக்கு முகம் வைத்துச் செய்கிற வேலை. அவன் குனிந்தால் எதிரே இருப்பவர் பின்னால் சாய்வார். அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தான் புண்ணியவான். "அக்கா, இந்தம்மாவுக்கு வெள்ளெழுத்து ஆரம்பிச்சிருச்சு. கிட்டக்கப் பார்க்க முடியாம மூஞ்சியைப் பின்னாடி இழுக்கறாங்க பாரு" என்று என்னிடம் வந்து கிசுகிசுப்பான். கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்குக்கூட வெள்ளெழுத்துக் கண்டுபிடித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. "வாய் நாறுதுடா" என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "வயித்துச் சூடுக்கா" என்று ஒரு புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வான்.

ஒரு நாள் மதியம் பின்னறைக்கு வந்து என் முன்னால் வாயைத் திறந்தான். "நாக்குல சொரசொரன்னு படுது. கம்பி விட்டுப்போச்சான்னு பாரேன்."

லென்ஸ் பார்க்கிற விளக்கை உள்ளே காட்டினேன். கம்பியே தெரியவில்லை. பற்களுக்குப் பின்னால் மஞ்சளும் கறுப்புமாக ஒரே பாளம், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிற உப்பு மாதிரி. அதன் ஓரமெல்லாம் ஈறு சிவந்து உப்பியிருந்தது. விரலால் லேசாக அழுத்தினேன், ரத்தத்தோடு சீழும் வந்தது. அந்த விரலைப் பார்க்கவே சகிக்கவில்லை. குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"உள்ள எலும்பு கரைஞ்சிருக்கு. நடுப்பல் ரெண்டுலயும் கம்பி எப்பவோ விட்டுப்போச்சு. இத்தனை நாளா அந்தப் பல்லைப் பிடிச்சு வச்சிருந்தது கம்பி இல்லைங்க, இந்த அழுக்குப் பாளம்தான்."

"அப்போ அது அப்படியே இருக்கட்டுமே டாக்டர்" என்றான் என் தம்பி. சத்தியமாக இப்படித்தான் சொன்னான்.

"இருந்தா ரெண்டு பல்லும் விழுந்துரும். கம்பியை எடுத்துட்டு எல்லாத்தையும் சுரண்டணும். ஈறு ஆறினதும் புதுக் கம்பி ஒட்டலாம். நடுவுல பல் நகராதுன்னு என்னால சொல்ல முடியாது."

அவன் என்னைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர். "மறுபடியும் கோணலாயிடும்க்கா." இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்! எனக்குப் பாவமாகவும் இருந்தது, கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

"கோணலா இருந்தாலும் உன் வாயில இருக்கும்டா. நேரா இருந்து குப்பையில கிடந்தா என்ன பண்ணுவ?" என்று கத்தினேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான்.

பாளம் துண்டு துண்டாகப் பெயர்ந்து தட்டில் விழுந்தது. அறை முழுக்க நாற்றம். டாக்டரம்மா தட்டை அவன் முகத்தருகே நீட்டினார். முகர்ந்தவனின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. அப்புறம் அவன் வாதாடவே இல்லை.

பற்கள் இரண்டும் பிழைத்துக்கொண்டன. ஒன்று மட்டும் லேசாகத் திரும்பிவிட்டது. அதை அப்படியே விட்டுப் புதுக் கம்பியை ஒட்டியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் மதியச் சாப்பாடு முடிந்ததும் பின்னறையில் வந்து உட்கார்ந்து, கம்பிக்கு அடியில் நூலை விட்டு ஒவ்வொரு பல்லாக இழுக்கிறான். இழுத்த நூலை முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்குக்கு நேராகவும் நீட்டுகிறான்.

"இன்னிக்கு வாடை இல்லைதானே, பாருக்கா."

கருமம் என்று தலையில் அடித்துக்கொள்கிறேன். அப்புறம் முகர்ந்து பார்த்துச் சொல்கிறேன்.