ஞாயிற்றுக்கிழமை அது யார் கை?

போன வாரம் தென்காசியில் ஒரு டாக்டரம்மா எங்கள் குடும்பத்தையே கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். அதுவும் எதை வைத்து? நேரம்கூடக் காட்டாத ஒரு வாட்சை வைத்து!

என் அக்கா வடிவின் கணவர், அதாவது எனக்கு அத்தான், ரிடையர்ட் போலீஸ். புளியறை செக்போஸ்டில் நின்ற காலத்தில் அவர் வலது கையைத் தூக்கினால் கேரளா லாரி கிறீச்சென்று நிற்கும். அந்தக் கைதான் மூன்று வருடமாக நடுங்குகிறது. பார்க்கின்சன் நோய். சும்மா மடியில் வைத்திருந்தாலே போதும்... பீடி சுற்றுகிற மாதிரி கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக உரச ஆரம்பித்துவிடும்.

அந்த டாக்டரம்மா, வாரம் ஒருமுறை தென்காசிக்கு வந்துபோகும் நரம்பு டாக்டர். "என் முன்னால பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போறீங்க. மீதி நேரம் உங்க கை என்ன செய்யுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு, அத்தானின் மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டி அனுப்பினார். முள் கிடையாது, நம்பர் கிடையாது. கை ஆடும் ஒவ்வோர் ஆட்டத்தையும் உள்ளே பதிந்துகொள்ளுமாம். ஒரு வாரம், ராத்திரி பகலாக. குளிக்கும்போது மட்டும் கழற்றலாம்.

"எத்தனை பேருக்கு நான் விலங்கு மாட்டியிருப்பேன்! இப்போ எனக்கே மாட்டிட்டாவளே!" என்று புலம்பினார் அத்தான்.

அந்த வாரம் பார்த்துத்தான் நான் சென்னையிலிருந்து போய் இறங்கினேன். சாரல் காலம். தென்காசி வரை போய்விட்டுக் குற்றாலத்தில் தலையை நனைக்காமல் திரும்பினால் உடம்பு ஒத்துக்கொள்ளுமா? ஞாயிற்றுக்கிழமை அத்தானை வம்பாக ஐந்தருவிக்கு இழுத்துப் போனேன். கை ஆடுவதை நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டு, அவர் அருவிப் பக்கம் போய் இரண்டு சீசன் ஆகியிருந்தது.

குற்றாலம் போகும் எல்லாக் குடும்பத்திலும் ஒருத்தர் மட்டும் குளிக்க மாட்டார், கவனித்திருக்கிறீர்களா? போன், கண்ணாடி, செயின், வாட்ச் எல்லாம் அவர் பொறுப்பு. எங்களுக்கு அது அக்கா. "எனக்குத் தடுமம்லே, மூக்கு ஒழுகுது. நீங்க போங்க" என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அத்தானின் பட்டையையும்தான்.

அருவிக்கு அடியில் அத்தான் சத்தம் போட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாச்சு! அப்புறம் பசி. புளியறைப் பக்கம் போய்ப் பரோட்டா சாப்பிட்டோம். அத்தான் தட்டில் அக்கா சால்னா ஊற்றும்போது மேஜையெல்லாம் சிந்தியது. கரண்டி சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டினாள். மூன்று மணிக்கு வீடு வந்ததும் பட்டை மறுபடி அத்தான் கைக்குப் போனது. அதோடு மறந்துவிட்டோம்.

போன வாரம் ரிசல்ட். டாக்டரம்மா கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். ஏழு நாள், ஏழு கோடு.

அதை எப்படிச் சொல்ல! காலை மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் கோடு மெல்ல இறங்குகிறது. மத்தியான மாத்திரைக்குக் கொஞ்சம் முன்னால் திரும்ப ஏறுகிறது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரே குதி. "அன்னைக்குத்தான் பையன்கிட்ட போன்ல சத்தம் போட்டேன்" என்று அத்தானே ஒப்புக்கொண்டார். ராத்திரி அவர் தூங்கியதும் கோடு அப்படியே நேராகப் படுத்துவிடுகிறது. நடுக்கமும் தூங்குகிறது! மூன்று வருடமாக அந்தக் கையைப் பார்க்கிறோம், இது எங்களுக்குத் தெரியாது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

மத்தியான மாத்திரையைச் சற்று முன்னால் போடச் சொன்ன டாக்டரம்மா, திடீரென்று நெற்றியைச் சுருக்கினார்.

"சார், ஞாயித்துக்கிழமை பதினோரு மணியிலேர்ந்து மூணு மணி வரைக்கும்... இது உங்க கை இல்லையே?"

அத்தான் திருதிருவென்று முழித்தார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

"உங்க கை சும்மா இருக்கிறப்ப ஆடுது, எதையாவது பிடிச்சா அடங்குது. இந்தக் கை தலைகீழ். சும்மா இருக்கிறப்ப அமைதி, வேலை செஞ்சா ஆட்டம். வேகமும் வேற. யார் கட்டியிருந்தது?"

"நான்தாம்மா" என்றாள் அக்கா. "கழட்டி வச்சா மிஷின் சும்மா கிடக்கும், நீங்க வைவீங்கன்னு... அவுக கட்டுன மாதிரியே வலது கையிலதான் கட்டுனேன். மாத்திக் கட்டலை."

மிஷின் குழம்பிவிடக் கூடாதாம்! எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"உங்களுக்கு எவ்வளவு நாளா ஆடுது?"

அவ்வளவுதான், அக்கா உடைந்து அழுதுவிட்டாள்.

"ரெண்டு வருஷம் ஆவப்போவுது. இவுக சீக்கு எனக்கும் வந்துட்டுன்னு யாருகிட்டச் சொல்லுதது? நானும் படுத்துட்டா இவுகளுக்குச் சட்டை பட்டன் போட்டுவிட யாரு இருக்கா?"

அடக் கடவுளே! பட்டன் போட்டுவிடுகிற கையே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. காபி எப்போதும் முக்கால் டம்ளர்தான் தருவாள், கஞ்சத்தனம் என்று கேலி செய்திருக்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில் பசிக்கலை என்று எழுந்துவிடுவாள், பிகு பண்ணுகிறாள் என்று நினைத்திருக்கிறேன். எனக்கு என்னையே அறையலாம் போலிருந்தது.

டாக்டரம்மா சோதித்தார். மடியில் வைத்த கை அசையவில்லை. தண்ணீர் கப்பைத் தூக்கச் சொன்னதும் பாதி புடவையில். பேப்பரில் ஒரு சுருள் வரையச் சொன்னார், முள்ளு முறுக்கு வந்தது.

"அப்பா அம்மா யாருக்காவது இருந்துச்சா?"

"எங்க அப்பாவுக்கு உண்டு. எழுதவே மாட்டார்" என்ற நான், சத்தமில்லாமல் என் கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்கம்மா. இது அவர் நோய் இல்லை. வேலை செய்யும்போது வர்ற நடுக்கம், சில குடும்பத்துல தொடர்ந்து வரும். தைராய்டும் ஒருக்கா பார்த்துடுவோம். மாத்திரை இருக்கு."

"அப்போ நான் படுத்துட மாட்டேன்லா?"

"மாட்டீங்க."

அக்கா விட்ட பெருமூச்சு ரெண்டு வருடத்து மூச்சு. பட்டை ஒன்றும் நோயைக் கண்டுபிடித்துவிடவில்லை, 'இது வேறு கை' என்று காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். மிச்சத்தை டாக்டர் கேட்டார். ஆனாலும் தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக், நாங்கள் ரெண்டு வருடமாகக் கண்ணெதிரே பார்க்காததை நாலு மணி நேரத்தில் பார்த்துவிட்டதே! இதற்கு வாயைப் பிளக்காமல் வேறு எதற்குப் பிளப்பது?

கிளினிக் வாசல் டீக்கடையில்தான் அத்தான் வாயைத் திறந்தார். "ஏட்டி, நான் போலீஸ்காரன்ட்டி. பக்கத்துலயே இருந்தும் எனக்குத் தெரியலையே..."

"நீங்க உங்க கையையேல்லா பார்த்துக்கிட்டு இருந்தீக" என்றாள் அக்கா. கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

டீ வந்தது. விளிம்பு வரை. அக்கா எடுத்தாள். கிளாஸ் ஆடி, டீ அவள் விரலெல்லாம் வழிந்தது. முதல் முறையாக அவள் அதை மறைக்கவில்லை.

மடியில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அத்தானின் கை மெல்ல நீண்டு அந்தக் கிளாஸைப் பிடித்தது. பிடித்ததும் அதன் நடுக்கம் அடங்கியது. அக்கா கிளாஸை விட்டாள். அவள் கையும் அடங்கியது. அவர் நீட்ட, அவள் குனிந்து ஒரு வாய் குடித்தாள்.

அந்த நேரம் பார்த்து, இதைப் பதிய வேண்டிய மிஷினை உள்ளே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம்!