கொலுப்படிக்குப் பின்னால் வைஃபை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார் என் வீட்டுக்காரர். இருக்கட்டுமே. சின்ன வயதிலிருந்து பாட்டுக் கற்றுக்கொண்டு, அதைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் பிறகு கொலு பார்க்க வந்தவர்களுக்கும் மட்டுமே பாடிக்காட்டிய ஒருத்திக்கு, அறுபதை நெருங்கும்போது முதல் சிஷ்யை கிடைக்கிறாள். அவள் முகம் போன் திரையில் அப்படியே உறைந்து நின்றால் கோபம் வராமல் கொட்டாவியா வரும்?

சிஷ்யைக்கு எட்டு வயது. என் கல்லூரித் தோழிக்கு உறவு, இருப்பது அமெரிக்காவில். கல்கத்தா பவானிபூரில் எங்களைச் சுற்றியிருக்கும் தமிழ்க் குழந்தைகளுக்கு நீச்சலும் கோடிங்கும் போக மூச்சு விடவே நேரமில்லை. அதனால் கடல் தாண்டித்தான் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்காகவே இந்த வருஷம் வீட்டுக்கு நெட் இழுத்தோம். போட வந்தவர் கூடத்துச் சுவரில் ப்ளக் இருந்த இடத்திலேயே, முழங்கால் உயரத்தில், ரவுட்டரை மாட்டிவிட்டுப் போனார். விஜயதசமியன்று முதல் பாடம், நவராத்திரி நடுவில் ஒரு நாள் ஒத்திகை என்று பேச்சு.

ஒத்திகை சந்தி சிரித்தது. நான் ‘ஸ’ பிடித்தால் அங்கே பாதி ‘ஸ’தான் போய்ச் சேர்ந்தது. ‘ப’ போகவே இல்லை. குழந்தையின் அம்மா ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.

“மாமி, நீங்க வாயைத் தெறந்தபடியே நின்னு போயிட்டேள். விஜயதசமி அன்னிக்கும் இப்படி ஆச்சுன்னா கஷ்டம். இங்கேயே பக்கத்துல ஒருத்தர் சொல்லிக்கொடுக்கறா. இவளை அங்கே சேத்துடலாமான்னு பாக்கறேன்.”

அந்தப் பக்கத்து ஒருத்தரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அன்று முழுக்க அவளை மனசுக்குள் வைதுகொண்டேதான் சுண்டல் தாளித்தேன். இந்தக் குழந்தையும் கைநழுவிப் போனால் இந்த ஜன்மத்தில் எனக்கு வேறு சிஷ்யை வரப்போவதில்லை என்று நன்றாகத் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் வங்கி ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் விசாரணை நடத்தாமல் விடமாட்டார். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். சமையலறையில் ஒரு கோடு தெரிந்தது, படுக்கையறையில் அதுவும் இல்லை. வராந்தாவில் ஒற்றைக்காலில் நின்று எட்டினால் இரண்டு கோடு. கம்பெனிக்குப் போன் செய்ததில் அணைத்துப் போடச் சொன்னார்கள். கொலுப்படிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் குடையை விட்டு, ஸ்விட்சைத் தட்டித் தட்டி அணைத்துப் போட்டார். சாந்தினி மார்க்கெட்டுக்குப் போய் சிக்னலைப் பெருக்கும் பெட்டி ஒன்று வாங்கிவந்தார். அது அழகாகக் கண் சிமிட்டியது, அதோடு சரி.

“வீடு அந்தக் காலத்து வீடு. சுவரைப் பாரு, கோட்டை மாதிரி” என்றார் முதலில். மறுநாள், “தெருமுனை துர்க்கா பூஜைப் பந்தல்ல அத்தனை பல்பு எரியறது, அதான்” என்றார்.

“ஏன்னா, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறேளே! பல்பு எரிஞ்சா என் பாட்டு ஏன் அணையணும்?”

அவர் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் பக்கத்து வீட்டு பௌதி கொலு பார்க்க வந்தாள். பௌதி என்றால் அண்ணி. வங்காளிப் பெண்மணி, என் வயதுதான். எங்கள் கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் படுக்கையறை. அவள் பெண் ஊரிலிருந்து வந்தபோது, காப்பிப்பொடி இரவல் கொடுப்பதுபோல பாஸ்வேர்டும் கொடுத்திருந்தேன். சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு பௌதி வங்காள மொழியில் கொண்டாடினாள்.

“தீதி, ஒரு வாரமா உங்க நெட் தாருண், பிரமாதம்! முன்னெல்லாம் சொட்டுச் சொட்டா வரும். இப்போ படுத்துண்டே சீரியல் பாக்கறேன், ஒரு இடத்துல நிக்கலையே!”

என் கையில் கரண்டி நின்றது. என் வீட்டுக்காரர் பௌதியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் போய், வேட்டி போர்த்திய படியை விரலால் சுண்டினார். டங்கென்றது.

“ட்ரங்குப் பெட்டிடீ! அத்தனையும் இரும்பு. உள்ளே வேற உன் வெண்கலப் பாத்திரம். ரவுட்டரை நாமளே செவுத்தோட வெச்சு அடைச்சுட்டோம். இந்தப் பக்கம் வர வழி இல்லாம எல்லாம் அந்தப் பக்கம் போயிண்டிருக்கு.”

எங்கள் வீட்டு நெட், புக்ககம் போன பெண் மாதிரி, பக்கத்து வீட்டில் ஜம்மென்று குடித்தனம் செய்துகொண்டிருந்திருக்கிறது! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேல்படிப் பொம்மையில் கை வைக்கப் போனார்.

“தொட்டேள்னா பாத்துக்கோங்கோ! கலசம் வெச்சாச்சு. தசமி ராத்திரி பொம்மையைப் படுக்கவைக்கற வரைக்கும் ஒண்ணையும் அசைக்கக் கூடாது.”

“பாடம் தசமி காலம்பறன்னோ?” என்றார்.

தெரியும். தெரிந்துதான் கத்தினேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தமிழ் புரியாத பௌதி என்ன விஷயம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள். சொன்னேன்.

“இதுக்கா அழறே? உன் நெட் என் வீட்டுலதானே இருக்கு? நீயும் வா” என்றாள்.

விஜயதசமி காலையில் பூஜையிலிருந்து பாட்டுப் புத்தகத்தையும் சுருதிப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு, பட்டுப்புடவையோடு பக்கத்து வீட்டுக்கு நடந்தேன். பௌதி சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையில், அம்மனை வழியனுப்ப இனிப்புத் தட்டோடு தயாராக நின்றாள். தெருமுனையில் தாக் மேளம் வீட்டையே அதிரவைத்தது. சுருதிப்பெட்டியின் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பௌதி என் முகத்தைப் பார்த்தாள், தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் மேளம் நின்றது.

“அம்மா இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுத்தான் போகட்டுமே, என்ன அவசரம்?” என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தாள்.

போனில் குழந்தை வந்தாள். பின்னால் சோபாவில் அவள் அம்மா, கையைக் கட்டிக்கொண்டு. நிமிர்ந்து உட்காரு, பாட்டுக்கு உட்கார்ந்தால் ஆடக் கூடாது, அசையக் கூடாது, காது மட்டும் இங்கே இருக்கட்டும் என்றேன். கண்ணை மூடி ‘ஸ’ பிடித்தேன். ‘ப’ போய், மேல் ‘ஸ’வைத் தொட்டு, நிதானமாக இறங்கிவந்து கண்ணைத் திறந்தேன்.

திரையில் குழந்தை சிலையாக இருந்தாள். உதடு மூடியபடி, கை மடியில், ஒரு துளி அசைவில்லை. சோபாவில் அவள் அம்மாவும் அப்படியே. போச்சு, எல்லாம் போச்சு. 

“பௌதி, நின்னு போயிடுத்து! மறுபடியும் நின்னு போயிடுத்து!” என்று தமிழிலேயே அலறினேன்.

திரையில் இரண்டு கண்ணும் மிரண்டு என்னைப் பார்த்தன.

“அசையக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னேள், டீச்சர்?”