விடைக்குறிப்பில் இல்லாத சொற்கள்

மைமூன் டீச்சர் இறந்த செய்தி எங்கள் பள்ளியின் வாட்ஸப் குழுவில்தான் வந்தது. ரங்கத் பஸ் நிலையத்தில், புறப்படாத பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தேன். முதலில், அக்காவை லாத்தா என்று கூப்பிடும் அவருடைய தம்பி, அவர் போனிலிருந்தே போட்டிருந்தார்: "லாத்தா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." அதன் கீழே பத்து நிமிடத்துக்குள் மற்றவர்கள் சேர்ந்துவிட்டார்கள். காலமானார் என்றார் ஒருவர். இயற்கை எய்தினார், மறைந்தார், அமரரானார், இறைவனடி சேர்ந்தார் என்று வரிசையாக வந்தன. டீச்சர் இருந்திருந்தால் அத்தனையையும் கரும்பலகையில் எழுதி, "இதுல எது போனவங்களுக்காகச் சொல்றது, எது சொல்றவங்க தங்களுக்காகச் சொல்லிக்கிறது?" என்று ஆறாம் வகுப்பைக் கேட்டிருப்பார்.

நான் ஒன்றும் எழுதவில்லை. கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினேன். இனிக் கிளம்பி, காட்டுவழியில் வண்டிகளை மொத்தமாக விடும் கான்வாயைப் பிடித்து, போர்ட் பிளேர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும். போக முடியாது என்று தெரிந்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அவரைத் தெரிந்த உங்களுக்காக எழுதும்போது அதை மறைப்பது சரியில்லை.

எங்கள் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் நாங்கள் இருவரும் ஒப்பந்த ஆசிரியைகள். ஆறாம் வகுப்பு இரண்டு பிரிவாக இருந்தது. அவருடைய அறைக்கும் என்னுடைய அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. அவர் பன்னிரண்டு வருடமாக அங்கே இருந்தவர். நான் புதிதாகச் சேர்ந்தவள். 'ஒரு பொருள் குறித்த பல சொற்கள்' என்ற பாடம் எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் வரும். என் பக்கத்தில் பிள்ளைகள் 'வீடு, இல்லம், மனை, அகம்' என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் சந்தை மாதிரி இரைச்சலாக இருக்கும்.

"இல்லம்னு உங்க வீட்டுல யாருடா சொல்றா?"

"யாரும் சொல்ல மாட்டாங்க டீச்சர். பத்திரிகைலதான் போடுவாங்க, மணமகள் இல்லம்னு."

"அப்ப அது பத்திரிகைக்குப் போடுற சொல்லு. பக்கத்துல எழுது. நீ என்ன சொல்லுவ?"

"கர் தான் டீச்சர்."

"அது இந்தி. உங்கப்பா?"

"குவார்ட்டர்."

இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி, அவர்கள் வீட்டில் லயம் என்பார்கள் என்றாள். உடனே அந்தச் சொல்லும் கரும்பலகைக்குப் போகும். மறுநாள் கோபம் என்ற சொல். வீட்டுக்கு ஒரு சொல் கேட்டுக்கொண்டு வர வேண்டும்; அதை யார், யாரிடம், எப்போது சொல்வார்கள் என்றும் சொல்ல வேண்டும். ஒரு பையன் எழுந்து, "எங்க வீட்டுல அப்பாவுக்கு வந்தா ஆத்திரம், அம்மாவுக்கு வந்தா கடுப்பு, எனக்கு வந்தா மட்டும் கொழுப்பு டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சரின் சிரிப்புதான் கடைசியில் அடங்கியது. பிறகு அவர் சொன்னதை நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்: "ஒரு சொல்ல எடுத்துட்டு இன்னொண்ண வெக்கலாம். வெச்சுப் பாருங்க, வாக்கியத்துல யாராவது ஒருத்தர் மாறியிருப்பாங்க." என் வகுப்பில் அகம் வரைக்கும் வந்து, மறுபடியும் வீட்டிலிருந்து தொடங்கியிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அப்பா ரோடு போடும் வேலையில் மஸ்தூர், கூலியாள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச எனக்கு வராது. ஆசிரியர் அறையில் தலைமையாசிரியர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவேன். மைமூன் டீச்சர் அதை விட்டுவைக்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, எல்லோரும் இருக்கும்போது கேட்டார்: "தங்கச்சி, ஆமாங்கறதுக்கு உனக்கு எத்தன சொல்லு தெரியும்? சரிங்க சார், ஓகே சார், ஜி சார், டீக் ஹை சார். நாலு. இல்லங்கறதுக்கு ஒண்ணு சொல்லு பாப்போம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அவர்மேல் வருத்தம் இருந்தது. அன்று அவர் நீட்டிய மீன் துண்டை எடுத்துக்கொள்ளாமல் எழுந்து போனேன்.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம் தமிழ்ப் பிரிவில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். அடுத்த வருடம் இரண்டு பிரிவையும் ஒன்றாக்கிவிடுவார்கள், ஒரு ஒப்பந்தம்தான் புதுப்பிக்கப்படும், ரிசல்ட்டைப் பார்த்து முடிவு செய்வார்கள் என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சாப்பாட்டு நேரத்தில் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் பள்ளியில் ஆண்டுத் தேர்வுத் தாள்களைச் சொந்த ஆசிரியர் திருத்தக் கூடாது. மாற்றிக்கொள்வோம். அவருடைய கட்டு எனக்கு வந்தது. என்னுடையது அவருக்குப் போனது. வினாத்தாளோடு விடைக்குறிப்பும் வரும். எனக்கு முன்னால் இருந்த ஆசிரியை அதை ஒரு பக்கமாக வைத்துவிட்டு, பொருள் சரியாக இருந்தால் மதிப்பெண் போடுவார். முதல் வருடம் நானும் அதையே செய்தேன். மைமூன் டீச்சரின் வகுப்பு அத்தனை வருடம் தேறியது அப்படித்தான். அவரும் பட்டியலைச் சொல்லிக்கொடுத்தவர்தான். பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதினார்கள்.

கோபத்துக்குச் சினம், வெகுளி, சீற்றம் என்று குறிப்பில் இருந்தது. ஒரு பெண் ஆத்திரம் என்று எழுதியிருந்தாள். நான் சிவப்புப் பேனாவால் அடித்தேன். கடலுக்கு ஆழி, பரவை, முந்நீர் என்று இருந்தது. ஒருவன் சமுத்திரம் என்று எழுதியிருந்தான். அதையும் அடித்தேன். ஆத்திரம் என்றால் கோபம் என்று எனக்குத் தெரியும். சமுத்திரமும் தெரியும். பகல் பதினொரு மணி, ஆசிரியர் அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் என்னை மிரட்டவில்லை. முதல் தாளில் ஒரு கணம் பேனா நின்றது. இரண்டாவது தாளிலிருந்து நிற்கவில்லை. தலைமையாசிரியர் வந்து, "கீ கே ஹிசாப் சே செக் கியா நா, மேடம்?" என்றார். குறிப்பின்படிதானே என்று கேட்கிறார். "ஜி சார்" என்றேன். அந்த ஒரு பகுதியினாலேயே அவருடைய பதினெட்டுப் பிள்ளைகளில் பதினொரு பேர் தேறவில்லை.

அவர் திருத்திய என் கட்டு திரும்பி வந்தது. என் பிள்ளைகளில் ஒருத்தி பட்டியலை மறந்து, மழைக்கு 'தூத்தல்' என்று எழுதியிருந்தாள். டீச்சர் முழு மதிப்பெண் போட்டு, ஓரத்தில் 'நல்ல சொல்' என்று எழுதியிருந்தார்.

மதிப்பெண் பட்டியல் ஒட்டிய அன்று ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"இது தப்பா?"

"கீயில இல்லீங்க டீச்சர்."

"அது எனக்கும் தெரியும். தப்பானு கேட்டேன்."

சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் தாளை நான்காக மடித்தார்.

"பயம், ஒழுங்கு. இது ரெண்டும் ஒரே பொருள்னு உன் கீயில போட்டிருக்கா தங்கச்சி?"

கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

நான் அலுவலகத்துக்குப் போய், தாள்களை மறுபடியும் பார்க்கிறேன் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஏப்ரல் பத்தாம் தேதி வரைக்கும் அதற்கு நேரம் இருந்தது. வராந்தா வரைக்கும் இரண்டு தடவை போனேன். முதல் தடவை உள்ளே ஆட்கள் இருந்தார்கள். இரண்டாம் தடவை யாரும் இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். சிறுநீரகம் அப்போதே கெட்டிருந்தது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. வேலை போனதால்தான் செத்தார் என்று நான் எழுத மாட்டேன். அவருக்கு அது பிடிக்காது. வாக்கியத்தில் யாரை எங்கே வைக்கிறாய் என்று கேட்பார். நோயில்தான் செத்தார். கடைசி ஒன்றரை வருடம் அவர் எந்த வகுப்பிலும் நிற்கவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பள்ளியில் இரங்கல் கூட்டம் நடந்தது. ரிசல்ட் சரியில்லை என்று குறிப்பு எழுதியவர்களே 'அர்ப்பணிப்பு' என்றார்கள், 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்றார்கள். இழப்பை ஈடு செய்ய வைத்திருந்த ஆள் நான், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நெருங்கிப் பழகியவள் என்று என்னையும் பேசச் சொன்னார்கள். பிள்ளைகள் மேல் ரொம்பப் பிரியமாக இருப்பார் என்று மூன்று வாக்கியம் பேசினேன். கைதட்டக் கூடாத இடத்தில் யாரோ கைதட்டினார்கள்.

பத்து நாள் கழித்து மரைன் ஹில்லுக்குப் போனேன். தம்பி கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வந்து டீ கொடுத்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. அந்தத் தாள்களைத் திருத்தியது நான் என்று டீச்சர் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

"லாத்தா உங்களப் பத்திப் பேசும்மா. பக்கத்து கிளாஸ்ல ஒரு பொண்ணு, வாயே தொறக்காது, ஆனா காது எல்லாம் இங்கதான் இருக்கும்னு சொல்லும். அதோட சாமான்ல ஏதாச்சும் வேணுமா? ஞாபகத்துக்கு எடுத்துக்கங்க."

புத்தகங்கள், பேனா டப்பா, ஒரு மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்தார். "வேண்டாங்க பாய்" என்றேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்து மறுபடியும் வற்புறுத்தினார்.

டீச்சருடையது ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது என்று அவரிடம் சொல்ல முடியவில்லை. பிளைவுட்டை எடுத்துவிட்டார்கள்; இரண்டு அறையும் இப்போது ஒன்றுதான். அவருடைய வகுப்பு, அவருடைய நாற்காலி, வருகைப் பதிவேட்டில் அவருடைய பெயர் இருந்த வரி. தினமும் காலையில் அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகிறேன்.